நான்கு முறை போயே ஆக வேண்டுமா? கலிஃபோர்னியாவில் பழுதான மின்சாரக் காரைத் திருப்பிக் கொடுப்பது பற்றி

ஃப்ரீமான்ட்டில் இருந்து கேட்டிருக்கும் நண்பருக்கு. "என் கார் லெமனா?" என்று தலைப்பு போட்டிருக்கிறீர்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியை அமெரிக்கர்கள் லெமன் என்பார்கள். முழுக்கப் படித்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது வேறு. இன்னும் எத்தனை முறை இந்தக் காரை சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும், கம்பெனி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா, அதுவரை வீட்டில் இருப்பவர்கள் இதில் எப்படிப் பயணம் செய்வது என்ற மூன்று கேள்விகள்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கின்றன என்று நினைக்கிறேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கதையைச் சுருக்கிவிடுகிறேன். 14 மாதங்களுக்கு முன் டீலரிடம் புதிதாக வாங்கிய மின்சாரக் கார், விலை 54,000 டாலர். 2,100 மைலில் கதவு ஓரத்தில் கடகடவென்று சத்தம் வந்ததால் போனபோது, ஃபாஸ்ட் சார்ஜரில் பாதியிலேயே சார்ஜ் நின்றுவிடுகிறது என்றும் வாயால் சொன்னீர்கள். "அது சார்ஜிங் ஸ்டேஷனின் கோளாறு" என்று அனுப்பிவிட்டார்கள். 6,400 மைலில் அதே புகார், மென்பொருள் அப்டேட் போட்டு இரண்டு நாளில் தந்தார்கள். 9,800 மைலில் 880 நெடுஞ்சாலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வேகம் தானாகக் குறைந்தது. ஆறு நாள் வைத்திருந்து, கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார்கள். 12,900 மைலில் மறுபடியும் அதே. இந்த முறை டோ ட்ரக் வர வேண்டியதாயிற்று. உதிரிபாகம் வரவில்லை என்று 29 நாள் அங்கேயே கிடந்தது. இப்போது 13,600 மைல், போன வாரம் எச்சரிக்கை விளக்கு திரும்ப எட்டிப் பார்த்திருக்கிறது. "ஒரே பழுதுக்கு நான்கு முறை வந்தால்தான் லெமன்" என்கிறார் டீலர். வாரண்டியை நீட்டித்து 2,500 டாலரும் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது கம்பெனி.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வக்கீல் இல்லை. ஒரு டீலரின் சர்வீஸ் கவுன்டரில் அட்வைசராக ஒன்பது வருடம் இருந்தேன். பிறகு லெமன் சட்ட வழக்குகள் நடத்தும் ஒரு அலுவலகத்தில் ரிப்பேர் ஆர்டர்களைப் படித்து, எந்தத் தேதியில் எந்தப் புகார், எத்தனை மைல் என்று காலவரிசை தயாரிக்கும் வேலையை ஏழு வருடமாகப் பார்க்கிறேன். அதனால் சட்டத்தை வக்கீல் பார்க்கும் கோணத்தைவிட, அந்தக் காகிதங்களின் கோணத்தில்தான் எனக்கு அதிகம் தெரியும். உங்கள் வழக்கில் முடிவெடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் பேசியே ஆக வேண்டும்.

சரி, முதல் கேள்வி. திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியை அமெரிக்கர்கள் லெமன் என்பார்கள். கலிஃபோர்னியாவில் லெமன் கார்களுக்கான சட்டம் இரண்டு அடுக்காக இருக்கிறது. அடித்தளம் 1970-இல் வந்த சாங்–பெவர்லி நுகர்வோர் வாரண்டி சட்டம். அதை முன்னெடுத்தவர்களில் ஒருவரான செனட்டர் ஆல்ஃபிரட் சாங் கொரிய வம்சாவளியினர், ஹவாயில் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அதன்மேல் 1982-இல் டானர் சட்டம் வந்தது. உங்கள் டீலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்.

அடித்தளச் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: வாரண்டியில் அடங்கிய ஒரு பழுது காரின் பயன்பாட்டையோ மதிப்பையோ பாதுகாப்பையோ கணிசமாகக் குறைத்து, "நியாயமான எண்ணிக்கை" முயற்சிகளுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், தயாரிப்பாளர் காரை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நியாயமான எண்ணிக்கை எத்தனை என்று அது சொல்லவில்லை. டானர் சட்டம்தான் எண்களைக் கொண்டுவந்தது. கார் கைக்கு வந்து 18 மாதம் அல்லது 18,000 மைல், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள், மூன்றில் ஒன்று நடந்திருந்தால் நியாயமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஒரே பழுதுக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முயற்சிகள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது என்றால் இரண்டு அல்லது அதற்கு மேல். எந்தப் பழுதாக இருந்தாலும் சரி, ரிப்பேருக்காகக் கார் மொத்தம் 30 நாட்களுக்கு மேல் முடங்கியது.

இது ஒரு அனுமானம் மட்டுமே. இதற்குள் வந்தால் நிரூபிக்கும் சுமை உங்களுக்குக் குறையும். வராவிட்டால் கதவு சாத்தப்பட்டுவிடாது, அடித்தளச் சட்டத்தின்படி வழக்கு நடத்தலாம். 18 மாதம் கடந்து, வாரண்டிக் காலத்துக்குள் மூன்று முயற்சிகளோடு பணத்தைத் திரும்ப வாங்கியவர்களின் கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன். குறைந்தபட்சம் எத்தனை என்று கேட்டால், ஒன்று போதாது. சட்டத்தில் "முயற்சிகள்" என்று பன்மையில் இருப்பதால் இரண்டாவது வேண்டும் என்று 2003-இல் சில்வியோ எதிர் ஃபோர்டு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நான்கு முறை வந்தே ஆக வேண்டும்" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கவுன்டரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே நிற்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 2, 6, 29 கூட்டினால் 37 நாள். 14 மாதம், 13,600 மைல், இரண்டுமே வரம்புக்குள். நெடுஞ்சாலையில் வேகம் தானாகக் குறைவது ஆபத்தான பழுது என்று வாதாடுவதில் சிரமம் இருக்காது, அதற்கு இரண்டு முயற்சிகளும் ஆகிவிட்டன. காகிதத்தில் எல்லாம் நீங்கள் சொன்னபடி இருந்தால், டானர் சட்டத்தின் இரண்டு வழிகளில் நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று பாக்கி இருக்கலாம். முயற்சிகளை எண்ணும் முதல் இரண்டு வழிகளுக்கு, தயாரிப்பாளருக்கு நீங்கள் ஒரு முறையாவது நேரடியாகத் தெரிவித்திருக்க வேண்டும் என்று வாரண்டிப் புத்தகத்தில் நிபந்தனை போட்டிருப்பார்கள். டீலரிடம் சொன்னது அதற்குக் கணக்காகாது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் முகவரி இருக்கும். கையெழுத்து பெற்றுத் தரும் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கும் விஷயம்: ரிப்பேர் ஆர்டர். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு தாள் தருவார்கள். அதில் வாடிக்கையாளர் சொன்ன புகார், மெக்கானிக் கண்ட காரணம், செய்த வேலை என்று மூன்று பகுதி இருக்கும். கூடவே உள்ளே வந்த தேதி, மைல், வெளியே போன தேதி, மைல். வாரண்டி வேலை, காசு வாங்கவில்லை என்றாலும் இன்வாய்ஸ் தந்தே ஆக வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். பல பேர் "இலவச வேலைக்குத் தாள் எதற்கு" என்று வாங்காமலே வந்துவிடுகிறார்கள்.

நான் கவுன்டரில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். காலை ஏழரை மணிக்கு வரிசையில் பன்னிரண்டு கார் நிற்கும். ஒருவர் வந்து, "நேற்று சாயங்காலம் பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி எடுக்கவில்லை, பின்னாலிருந்து லாரி வந்து இடிக்கப் பார்த்தது" என்று படபடப்போடு சொல்வார். நான் தட்டச்சு செய்வது: "எச்சரிக்கை விளக்கு எரிவதாக வாடிக்கையாளர் சொல்கிறார்." பாலமும் லாரியும் அந்த ஐந்து சொல்லில் காணாமல் போய்விடும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து வழக்கு நடக்கும்போது அந்த வாடிக்கையாளருக்கு என்ன நடந்தது என்பதற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த ஐந்து சொல்தான். அதனால் கையெழுத்துப் போடும் முன் புகார் வரியைப் படியுங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லை என்றால், திருத்தச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, புகாரை நீங்களே நாலு வரி எழுதிக் கொண்டுபோய், அதை அப்படியே சேர்க்கச் சொல்வது. முடியாது என்றால் அன்றைக்கே அட்வைசருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

இதன் விலை எவ்வளவு என்று உங்கள் கணக்கிலேயே காட்டுகிறேன். பணத்தைத் திருப்பித் தரும்போது, நீங்கள் பழுதில்லாமல் ஓட்டிய தூரத்துக்காகக் கம்பெனி கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது: காரின் விலையை 1,20,000-ஆல் வகுத்து, அந்தப் பழுதுக்காக முதல் முறை கொண்டுபோனபோது இருந்த மைலால் பெருக்க வேண்டும். 54,000-ஐ 1,20,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 45 சென்ட். முதல் முறை 2,100 மைல் என்றால் கழிவு 945 டாலர். ஆனால் அன்று சார்ஜிங் புகார் தாளில் ஏறாமல், கதவுச் சத்தம் மட்டும் ஏறியிருந்தால், கம்பெனி 6,400 மைலில் இருந்துதான் தொடங்கும். கழிவு 2,880 டாலர். ஒரு வரி விட்டுப்போனதற்கு 1,935 டாலர் வித்தியாசம். இன்னொன்றும் இருக்கிறது. சார்ஜ் நிற்பதும் வேகம் குறைவதும் ஒரே பழுதா, இரண்டு பழுதா என்று கம்பெனி கேள்வி எழுப்பலாம். இரண்டு என்றால் வேகப் பிரச்சினைக்கு முதல் வருகை 9,800 மைல், கழிவு 4,410 ஆகிவிடும். ஆகவே அந்த முதல் தாளைத் தேடி எடுங்கள். சார்ஜிங் பற்றி அதில் இல்லாவிட்டாலும், அந்த வாரம் நீங்கள் யாருக்காவது அனுப்பிய குறுஞ்செய்தி, சார்ஜிங் செயலியில் பாதியில் நின்ற அமர்வின் ரசீது, அட்வைசரோடு நடந்த மின்னஞ்சல் எதுவானாலும் உதவும்.

மின்சாரக் காரில் இந்தத் தாள் சிக்கல் இரட்டிப்பு. பெட்ரோல் காரில் எஞ்சின் உதறினால் மெக்கானிக் காதில் கேட்கும். இதில் பழுது வந்து போய்விடும், நீங்கள் கொண்டுபோகும்போது கார் சாதுவாக நிற்கும். "கோளாறு தெரியவில்லை", "வடிவமைத்தபடி இயங்குகிறது" என்ற இரண்டு வரிகளை நான் ஆயிரக்கணக்கான தாள்களில் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிவிட்டால் அந்த வருகை கணக்கில் வராது என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வரும். நீங்கள் சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி, அவர்கள் கண்டுபிடித்தார்களா என்பதல்ல. ஆனால் பழுது உண்மையில் இருக்கிறது என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. எச்சரிக்கை வரும்போது, பக்கத்தில் இருப்பவரை விட்டு, செய்தியும் மைலும் ஒரே படத்தில் தெரிவதுபோல் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம்.

நீங்கள் காரின் பெயரைச் சொல்லவில்லை, அதனால் காரணத்தை நான் ஊகிக்க மாட்டேன். ஆனால் இந்த அறிகுறிகளுக்குப் பொதுவாக எங்கே பார்ப்பார்கள் என்று சொல்லலாம். மின்சாரக் காரில் பெரிய பேட்டரி போக, பெட்ரோல் காரில் உள்ளதைப் போலவே 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. கணினிகள், விளக்குகள், பிரேக் கட்டுப்பாடு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியில் இருந்து மின்னழுத்தத்தைக் குறைத்து அதை நிரப்பிக்கொண்டே இருக்க ஒரு பாகம் இருக்கிறது. அது செத்துவிட்டால் சின்ன பேட்டரி வடியும், எச்சரிக்கை வரும், பிறகு கார் வேகத்தைக் குறைத்து நின்றுவிடும். ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2024-இல் அமெரிக்காவில் ஐயோனிக் 5, இவி6 முதலான மாடல்களை ரீகால் செய்தது, அதாவது பழுதைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது, இந்தப் பாகத்துக்காகத்தான். ஐசிசியூ என்பார்கள். அதற்கு முன் 2021-இல் செவ்ரோலே போல்ட் ரீகாலில் பேட்டரி செல்லிலேயே குறை. தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். உங்கள் காரின் அடையாள எண்ணான விஐஎன்னை மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸாவின் தளத்தில் போட்டால், பாக்கி இருக்கும் ரீகால் தெரியும். அதே மாடலில் மற்றவர்கள் கொடுத்த புகார்களும், கம்பெனி டீலர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளும் அங்கேயே கிடைக்கும். உங்கள் அறிகுறியைச் சொல்லும் சுற்றறிக்கை ஒன்று கிடைத்துவிட்டால், "கோளாறு தெரியவில்லை" என்ற தாளுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. நீங்களும் அங்கே ஒரு புகார் பதிவு செய்யுங்கள். ரீகால் வந்துவிட்டது என்பதால் மட்டும் கார் லெமன் ஆகிவிடாது. ரீகால் வேலை முடிந்த பிறகும் பழுது தொடர்ந்தால் உங்கள் பக்கம் பலமாகும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் உறுதியானது. இனி வருவது சந்தேகமான பகுதி, கவனமாகப் படியுங்கள். வீட்டில் நிற்கும் காருக்கு இணையம் வழியாக வரும் மென்பொருள் அப்டேட் ஒரு "ரிப்பேர் முயற்சி"யா? சட்டம் எழுதியபோது இப்படி ஒன்றை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள், அதில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரு பக்கமும் வாதாடலாம். ஆகவே அப்டேட்டை மட்டும் நம்பி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். புகாரைக் கொடுத்து, காரை ஒப்படைத்து, தாள் வாங்குங்கள். உங்கள் 6,400 மைல் வருகையில் அப்டேட் போட்டது டீலரின் கொட்டகையில் என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. உதிரிபாகத்துக்காகக் காத்திருந்த 29 நாளும் அப்படித்தான் கொஞ்சம் இழுபறி. கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் ரிப்பேர் தாமதமானால் 30 நாள் வரம்பு நீளும் என்று சட்டம் சொல்கிறது. தன் சொந்த சப்ளையர் பாகம் தராதது கட்டுப்பாட்டில் இல்லாத காரணமா என்பதை வழக்கில்தான் பேச வேண்டும். "ரிப்பேர் முடியும்வரை ஓட்ட லோனர் கார் கொடுத்தோமே" என்றும் சொல்வார்கள். சட்டம் உங்கள் கார் முடங்கிய நாட்களைத்தான் எண்ணுகிறது என்பது நான் படித்துப் புரிந்துகொண்டது.

ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார், 300 மைல் போகும் என்றார்கள், 240தான் போகிறது, இது லெமனா என்று. அது மட்டும் என்றால் கடினம். வேகம், குளிர், ஏசி, டயர் எல்லாம் தூரத்தைக் குறைக்கும். விளம்பரத்தில் உள்ள எண் சோதனைக்கூட மதிப்பீடு. பேட்டரியின் கொள்ளளவு வாரண்டியில் சொன்ன அளவுக்குக் கீழே போனால் கதை வேறு. பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,00,000 மைலுக்குள் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பொறுப்பேற்கின்றன. உங்கள் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் சார்ஜர் பொருத்த எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த பணத்தையும் கேட்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அடுத்த காருக்கும் அது பயன்படுமே என்பார்கள்.

கம்பெனி என்ன தர வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. முன்பணம், கட்டிய மாதத் தவணைகள், பாக்கிக் கடன், விற்பனை வரி, பதிவுக் கட்டணம், டோ ட்ரக், வாடகைக் கார் செலவு எல்லாம் அடங்கும். அதிலிருந்து மேலே சொன்ன மைல் கழிவு போகும். மாற்றுக் கார் எடுத்துக்கொள்ளும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, பணம்தான் வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. லீஸ் எடுத்தவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. தெரிந்தே சட்டத்தை மீறினார்கள் என்று நிரூபித்தால், நஷ்டத்தைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமும் கிடைக்கலாம். வழக்கில் ஜெயித்தால் உங்கள் வக்கீல் கட்டணத்தைக் கம்பெனியே கொடுக்க வேண்டும். அதனால்தான் இந்த வக்கீல்கள் முன்பணம் கேட்பதில்லை. ஆனாலும் முதல் சந்திப்பிலேயே, "எனக்கு வரும் தொகையில் நீங்கள் பங்கு எடுப்பீர்களா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2025 முதல் ஒரு புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது, பழைய வீடியோக்களையும் கட்டுரைகளையும் நம்பி ஏமாறாதீர்கள். ஏபி 1755 என்ற சட்டம் நடைமுறைகளை மாற்றியது. பிறகு 2025 ஏப்ரலில் வந்த எஸ்பி 26, அந்த நடைமுறையில் சேர விரும்பும் தயாரிப்பாளர்கள் மட்டும் சேரலாம் என்றது. ஆகவே இன்று கலிஃபோர்னியாவில் உங்கள் கார் எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். சேர்ந்தவர்களின் பட்டியல் மாநில நுகர்வோர் விவகாரத் துறையின் தளத்தில் இருக்கிறது. உங்கள் கம்பெனி பட்டியலில் இருந்தால், அபராதம் கேட்டு வழக்குப் போடும் முன் 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெயர், விஐஎன், பழுதும் ரிப்பேரும் நடந்த சுருக்கம், காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை அதில் இருக்க வேண்டும். அந்த 30 நாளுக்குள் ஒப்புக்கொண்டு 60 நாளுக்குள் முடித்துவிட்டால் அபராதம் கேட்க முடியாது. பட்டியலில் உள்ள கம்பெனிகள் மேல் வழக்குப் போடக் காலக்கெடுவும் உண்டு: அந்தப் பழுதுக்குப் பொருந்தும் வாரண்டி முடிந்து ஒரு வருடம், எப்படியும் கார் முதலில் கைக்கு வந்து ஆறு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. நோட்டீஸ் அனுப்பும்போதும் அதற்குப் பிறகு 30 நாளும் கார் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரிக்காகத்தான், எரிச்சலில் காரைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாமா என்ற உங்கள் யோசனைக்கு நான் வேண்டாம் என்கிறேன். 2024 மார்ச்சில் நீடர்மேயர் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், பழுதான காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வாங்கிய 19,000 டாலரைக் கம்பெனி தன் பொறுப்பில் இருந்து கழித்துக்கொள்ள முடியாது என்று சொன்னது உண்மை. கம்பெனி தட்டிக்கழித்ததால் வேறு வழியில்லாமல் விற்றவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் காரை விட்டுவிட்டால் பழுதை நிரூபிப்பதும் கஷ்டம், நோட்டீஸ் விதியும் இடிக்கும்.

வேறு சில எல்லைகளும் உண்டு. கார் கலிஃபோர்னியாவில் வாங்கியதாக இருக்க வேண்டும். டெக்சாஸில் வாங்கிவிட்டு வேலை மாறி இங்கே வந்தவர்கள் நம்மில் நிறைய. ராணுவத்தில் இருப்பவர்களுக்கான விதிவிலக்கு தவிர, அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பழைய கார் வாங்கியவர்களுக்கும் 2024 அக்டோபரில் ரோட்ரிகஸ் தீர்ப்புக்குப் பிறகு வழி குறுகிவிட்டது. முதல் உரிமையாளரின் வாரண்டி மிச்சம் இருக்கிறது என்பதால் மட்டும் அது சட்டத்தின் கண்ணில் "புதிய வாகனம்" ஆகாது. அவர்கள் மத்திய அரசின் 1975 மேக்னசன்–மாஸ் வாரண்டி சட்டத்தைப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் மாநில மோட்டார் வாகனத் துறையிடம் 35 டாலர் கட்டிப் புகார் கொடுக்கும் முறை இருக்கிறது. நியூஜெர்சியில் 2 வருடம் அல்லது 24,000 மைல், மூன்று முயற்சி அல்லது 20 நாள் முடக்கம். டீலர் இல்லாமல் கம்பெனியிடமே நேராக வாங்கியவர்கள், ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் வாங்கிய 30 நாளுக்குள் எழுதி விலகிக்கொள்ளலாம்.

அந்த 2,500 டாலர் காகிதத்துக்கு வருகிறேன். அதில் "இந்தக் காரைப் பற்றிய எல்லா உரிமைக் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்பது போன்ற வரி இருக்கும், அநேகமாக இரண்டாம் பக்கத்தில். இருந்தால், வக்கீல் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். 54,000 டாலர் காருக்கு 37 நாள் முடங்கிக் கிடந்தவர் 2,500 வாங்கிக்கொண்டு விலகுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. காரின் மேல் பிரியம் இருந்து, பழுது உண்மையிலேயே தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். உங்கள் காரில் விளக்கு திரும்ப எரிந்திருக்கிறதே.

ஐந்தாம் முறை போகவா என்று கேட்டீர்கள். சட்டப்படி அவசியம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் போங்கள் என்பேன். 29 நாள் ரிப்பேருக்குப் பிறகும் பழுது இருக்கிறது என்பது இப்போது உங்கள் கைபேசியில் மட்டும்தான் இருக்கிறது, அது தேதியும் மைலும் போட்டு அவர்களுடைய தாளில் ஏற வேண்டும். குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து 880-இல் ஓட்ட வீட்டம்மாவுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை அப்படியே புகார் வரியில் எழுதச் சொல்லுங்கள்: "நெடுஞ்சாலையில் சக்தி குறைகிறது, பாதுகாப்பாக இல்லை என்பதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டோம்." லோனர் கார் கேட்பதையும் மின்னஞ்சலில் கேளுங்கள், தர மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும், வாடகைக் காரின் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அப்புறம், அந்த 2,100 மைல் தாள் கிடைத்ததும், பெயரையும் விஐஎன்னையும் மறைத்துவிட்டு, புகார் வரியில் என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.